மஞ்சள் துணி கட்டாத வாழை

என் மகள் கம்ப்யூட்டரில் எந்த வேலையைத் தொடங்கினாலும், முதலில் வந்த டேட்டாவை அப்படியே இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுவாள். மூலத்தை அதற்குப் பிறகு தொட மாட்டாள். வெட்டுவது, சுருக்குவது, பெயர் மாற்றுவது எல்லாம் நகலில்தான். ஒருநாள் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "எதுக்கு ஆத்தா எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வச்சிருக்க? எடத்தை அடைக்காதா?" என்று கேட்டேன்.

"கோயில்ல மூலவரை வீதிக்குத் தூக்கிட்டு வருவாங்களாப்பா?"

"அதெப்படி வருவாரு? உற்சவர்தான வருவாரு."

"அம்புட்டுதான். இது மூலவர், இது உற்சவர். ஊர்வலத்துல என்ன ஆனாலும் கருவறையில இருக்கிறவருக்கு ஒண்ணும் ஆகாது."

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். திண்டுக்கல்லில் ஒரு முருகன் கோயில் வாசலை ஒட்டிப் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், திருநீறு, மஞ்சள், குங்குமம், விளக்குத் திரி, நேர்ந்து முடிச்சுப் போடுவதற்கான மஞ்சள் துணி இவைதான் என் வியாபாரம். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே அவள் கோயிலிலிருந்து உதாரணம் எடுப்பாள். ஆனால் அவள் சொன்ன நாளிலிருந்து, அந்த லேப்டாப்புக்குள் ஒரு கருவறை இருப்பதாகவே எனக்குத் தோன்றிவிட்டது. மேசையைத் துடைக்கும்போது அதன் மேல் கை படாமல் துடைப்பேன்.

அவள் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே மெஷின் லேர்னிங் வேலை செய்கிறாள். மெஷினுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை என்று என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். நான் சொல்ல வந்தது கம்பெனி வேலையைப் பற்றி அல்ல. அவளுடைய தாய்மாமனுக்காக அவள் செய்து கொடுத்த ஒரு வேலையைப் பற்றி.

என் மனைவியின் அண்ணனுக்குச் சிறுமலையில் வாழைத் தோட்டம். எனக்கு மச்சான் முறை. மலைவாழை. தோல் மெல்லிசு, வாசம் அறையை நிறைக்கும். அந்த வாழைக்கு முடிக்கொத்து என்று ஒரு நோய் வரும். இலைகள் விரியாமல், உச்சியில் ஒரு கொத்தாகக் குத்திட்டு நின்றுவிடும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். விட்டுவைத்தால் பக்கத்து மரத்துக்குப் போகும். நோயுள்ள மரத்தின் கன்றைக் கொண்டுபோய் வேறு இடத்தில் நட்டால், அங்கேயும் கூடவே போய்விடும்.

மச்சான் தோட்டத்துக்கு மேலே ஒரு சரிவைப் புதிதாகத் திருத்தி வைத்திருந்தார். அதற்குக் கன்று வேண்டும். கன்னிவாடிக்கு மேலே மலையில் ஒரு தோட்டக்காரர் கன்று தருவதாகச் சொல்லியிருந்தார். பார்வைக்கு நல்ல தோட்டம். ஆனால் முடிக்கொத்து ஆரம்பத்தில் பார்வைக்குத் தெரியாது. தெரியாமல் அந்தக் கன்றுகளை ஏற்றி வந்து நட்டுவிட்டால், புதுச் சரிவு மட்டுமல்ல, கீழே இருக்கும் பழைய தோட்டமும் போய்விடும். மச்சானுக்கு அதுதான் சோறு.

"மருமகளே, ஒன் மெஷினு இதைப் பாத்துச் சொல்லுமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த இடத்தில் கேட்டார்.

"சொல்லிக் குடுத்தாச் சொல்லும் மாமா."

"நான் ஒனக்குச் சொல்லிக் குடுத்தா நீ கேக்கமாட்ட. அது கேக்குமா?"

"அது என்னைய மாதிரி இல்ல மாமா. நம்ம என்ன காட்டுறமோ அதை அப்படியே நம்பும். அதான் பயமே."

அன்று அந்தக் கடைசி வார்த்தையை யாரும் கவனிக்கவில்லை. வெஞ்சனத்துக்கு இன்னும் கொஞ்சம் பொரியல் கேட்டார் மச்சான்.

அடுத்த வாரம் நாங்கள் மூவரும் பஸ் பிடித்துச் சிறுமலைக்குப் போனோம். மகள் மரம் மரமாக நின்று போட்டோ எடுத்தாள். நோயுள்ளது எது, நல்லது எது என்று மச்சான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு போட்டோவுக்கும் பார்த்ததுமே புரிகிற மாதிரி பெயர் வைத்தாள். 'புதுசு', 'கடைசி', 'நிஜமாவே கடைசி' என்றெல்லாம் பெயர் வைத்தால் பத்து நாளில் நமக்கே புரியாது என்றாள். நோயுள்ள மரங்களின் தண்டில் மச்சான் மஞ்சள் துணி முடிந்து கட்டியிருந்தார். என் கடையில் வாங்கிய துணி. உள்ளே ஒரு காசு. பழனியாண்டவருக்கு நேர்ந்துகொண்டு கட்டியது. அடுத்த கார்த்திகை வரை பார்ப்பார். தேறாவிட்டால் மரத்தைத் தோண்டிவிட்டு, முடிச்சை அவிழ்க்காமல் பழனி உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மரத்தை வெட்டுமுன் சாமிக்கு ஒரு தவணை கொடுக்காமல் அவருக்கு மனசு வராது. எனக்கும் அது சரி என்றே படும்.

வீட்டுக்கு வந்து அவள் வேலையைத் தொடங்கினாள். சும்மா இருக்கும்போதெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு இலையின் போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். இலை மறைந்து சிறுசிறு கட்டங்களாயிற்று. ஒவ்வொரு கட்டமும் நிறத்தைச் சொல்லும் எண்களாயிற்று. திரை முழுக்க எண். பனி படிந்த அந்த இலை, காற்று, வெயில் எல்லாம் அந்த எண்களுக்குள் இருக்கிறது, மறுபடி அதிலிருந்தே எழுந்து வரும் என்றாள். எனக்குக் கை தானாகக் குவிந்துவிட்டது. விதைக்குள் மரத்தை வைத்தவன் இதையும் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டோக்களைக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாள். பெரிய பங்கு மெஷினுக்குப் பாடம். சின்னப் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டாள்.

"இது எதுக்கு?"

"பரீட்சைக்கு. படிக்கும்போது இதை அது கண்ணுலயே காட்டக்கூடாது. அம்மா கிருத்திகைக்குச் சக்கரைப் பொங்கல் வச்சா, படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாப்பாங்களா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி, "பாக்க மாட்டேன்டி. ஆனா நீ பாப்ப, எனக்குத் தெரியும்" என்றாள்.

குலுக்குவதிலும் ஒரு முறை இருந்தது. ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், எத்தனை முறை குலுக்கினாலும் அதே சீட்டு அதே வரிசையில் வருமாம். இதென்ன குலுக்கல் என்று சிரித்தேன். "ஒவ்வொரு தடவையும் வேற சீட்டு வந்தா, நான் எழுதின புரோகிராம் கோடு திருந்துச்சா, என் அதிர்ஷ்டம் திருந்துச்சான்னு எப்படிப்பா தெரியும்?" என்றாள். எல்லாப் போட்டோவையும் ஒரேயடியாக உள்ளே தள்ளவும் மாட்டாள். கைப்பிடி அளவு கொடுத்து, கோடு முழுசாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மொத்தத்தையும் கொடுப்பாள்.

மெஷினுக்குப் பாடம் தொடங்குமுன் இன்னொரு வேடிக்கை செய்தாள். எதைக் காட்டினாலும் 'நல்ல மரம்' என்று மட்டுமே சொல்லும் ஒன்றை ஒரே வரியில் எழுதினாள். "தோட்டத்துல பாதிக்கு மேல நல்ல மரம். கண்ணை மூடிக்கிட்டு 'நல்ல மரம்'னு சொல்றவனும் பாதிக்கு மேல மார்க் வாங்கிருவான். இவனைத் தாண்டினாத்தான் என் மெஷினுக்கு மரியாதை."

தாண்டியது. சும்மா அல்ல, பரீட்சைக்கு வைத்திருந்த போட்டோக்களில் அநேகமாக ஒன்றுகூடத் தப்பாகவில்லை. நான் ஓடிப்போய்ப் பூசையறையில் விளக்கேற்றினேன். திரும்பி வந்தால் அவள் தாடையில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோசப்படாம என்ன யோசனை?"

"ரொம்ப நல்லா இருக்குப்பா. ரொம்ப நல்லா இருந்தா அதைத்தான் மொதல்ல சந்தேகப்படணும்."

சந்தேகப்பட மச்சானுக்கு நேரமில்லை. ஜீப் பேசிவிட்டார். கன்னிவாடிக்கு மேலே அந்தத் தோட்டத்துக்கு எல்லோரும் போனோம். மெஷினை ஏற்றிவைத்திருந்த போனை மகள் தூக்கிப் பிடித்து மரங்களைக் காட்டக் காட்ட, மெஷின் 'நல்ல மரம், நல்ல மரம்' என்றே சொன்னது. ஒரு மரத்துக்குக்கூட வேறு பேச்சு இல்லை. மச்சான் கன்றுகளை ஜீப்பில் ஏற்றச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார்.

"மாமா, இருங்க. ஏத்தாதீங்க."

"ஏம்த்தா? ஒன் மெஷினுதான சொல்லுது."

"அதான் மாமா. அன்னைக்கு அப்பா பாக்க எழுதினேன், எல்லாத்துக்கும் நல்ல மரம்னு சொல்ற ஒரு கண்ணை மூடினவனை. அவன் மாதிரியே பேசுது. ஒரு வாரம் குடுங்க."

"ஜீப்புக்காரன் கன்னுக்குப் பதிலா என்னைய ஒரு வாழைச் சீப்பா ஏத்திட்டுப் போவான், பாத்துக்க" என்று முனகிக்கொண்டே கையை இறக்கினார். தோட்டக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் கூச்சம்தான். மகள் மட்டும் மடங்கவில்லை. அங்கே எடுத்த போட்டோக்களை எண்ணிச் சரிபார்த்து, பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் என்னையும் மச்சானையும் மாடி அறைக்குக் கூப்பிட்டாள். மெஷின் ஒரு முடிவைச் சொல்லும்போது போட்டோவின் எந்த இடத்தை வைத்துச் சொல்கிறதோ, அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டுகிற ஒரு வழி இருக்கிறதாம். சிறுமலையில் எடுத்த, நோயுள்ள மரத்தின் போட்டோ ஒன்றைத் திரையில் வைத்தாள். இலையெல்லாம் பச்சையாகவே இருந்தது. குத்திட்டு நின்ற உச்சிக் கொத்தும் பச்சைதான். தண்டில் கட்டியிருந்த மஞ்சள் துணி மட்டும் குங்குமத்தில் முக்கி எடுத்ததுபோல் சிவந்திருந்தது.

அடுத்த போட்டோ. துணி. அடுத்தது. துணி.

மச்சான் திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"இலையை அது பாக்கவே இல்ல மாமா. துணி இருந்தா நோய். இல்லாட்டி நல்ல மரம். அவ்வளவுதான் படிச்சிருக்கு. பரீட்சைக்கு நான் எடுத்து வச்சதும் உங்க தோட்டத்துப் போட்டோதானே, அதுலயும் துணி இருந்துச்சு, ஜெயிச்சிருச்சு. அங்க கன்னிவாடியில யாரும் துணி கட்டல."

மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. மகள் கீழே போய் ஒரு மஞ்சள் துணியை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, என்னைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். மெஷின் செத்த நேரம் யோசித்து, 'நோயுள்ள மரம்' என்றது.

"போச்சு! மாப்ளைக்கு முடிக்கொத்து! தங்கச்சி, மம்பட்டிய எடு, கிழங்கோட தோண்டிருவோம்" என்று மச்சான் கத்த, என் மனைவி கீழேயிருந்து, "அதை நான் என்னைக்கோ சொல்லிட்டேன், மெஷினுக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்குச் சிரிப்பு ஓரளவுக்கு மேல் வரவில்லை. அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணையும் பார்க்காமல், இலையையும் பார்க்காமல், அந்த மெஷின் என் மச்சான் எங்கெங்கே நின்று வேண்டிக்கொண்டார் என்பதைக் கண்டுபிடித்திருக்கிறது. அவர் கண் கலங்கி முடிச்சுப் போட்ட இடம் ஒவ்வொன்றும் சிவந்து தெரிந்தது. மனுசன் பார்க்காததையும் பார்க்கிற கண்ணை ஆண்டவன் எதற்குள்ளெல்லாம் வைக்கிறான் என்று உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இப்ப என்ன செய்யணும்?" என்றார் மச்சான்.

"துணியை அவுத்துட்டு மறுபடி போட்டோ எடுக்கணும்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நேர்ந்து முடிச்சிட்டதை நேர்ச்சை செலுத்துமுன் அவிழ்ப்பதா? என் கடையில் துணி வாங்குகிறவர்களுக்கெல்லாம், முடிச்சில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுப்பவனே நான்தான்.

"அது ஆகாதுத்தா" என்றேன். "வேற வழி சொல்லு."

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "துணி தெரியாம போட்டோவை வெட்டலாம். ஆனா நோய் மொதல்ல தெரியிற அடி இலைக்காம்பும் துணியோட போயிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "அப்பா, எனக்குத் துணி இருக்கிறது பிரச்சினையே இல்ல. நோய் இருக்கிற மரத்துல மட்டும் இருக்கே, அதுதான் பிரச்சினை. ஒண்ணு, யாருக்கும் இருக்கக்கூடாது. இல்லாட்டி..."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லாட்டி எல்லாத்துக்கும் கட்டிருவோம்."

"மச்சான், தோட்டம் முழுக்கவா?"

"ஆமா மாப்ள. சொகமில்லாததுக்கு மட்டுந்தான் சாமியா? நல்லா இருக்கிறது நல்லா இருக்கட்டும்னு வேண்டக் கூடாதா?"

மகள் எழுந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். "மாமா, இதைப் படிச்சவங்க வேற பேரு வச்சுச் சொல்லுவாங்க. நீங்க சொன்னதுதான் நல்லா இருக்கு."

கடையில் இருந்த மஞ்சள் துணி போதவில்லை. வெள்ளைத் துணி வாங்கி வந்து கிழித்தோம். என் மனைவி அண்டாவில் மஞ்சள் கரைத்தாள். நனைத்துப் பிழிந்து மொட்டைமாடிக் கொடியில் போட, மாடி முழுக்க மஞ்சள். எங்கள் கை நகமெல்லாம் மஞ்சள். "காசு வைக்காம கட்டினா நேர்ச்சை ஆகுமா?" என்று மச்சான் சந்தேகம் கேட்டார். "அண்ணே, அம்புட்டுக்கும் காசு வச்சா முருகன் தோட்டத்தையே விலைக்கு வாங்கிருவாரு. பேசாம கட்டு" என்றாள் அவர் தங்கச்சி.

சிறுமலையில் அந்தக் காலை நேரத்தை நான் மறக்க மாட்டேன். சரிவு முழுக்க, நின்ற வாழைக்கெல்லாம் நானும் மச்சானும் கட்டிக்கொண்டே போனோம். நான் வழக்கமாக வேண்டும்போது ஏதாவது குறை சொல்லித்தான் வேண்டுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல், கடையில் வியாபாரமில்லை என்று. அன்று நல்ல மரங்களுக்கு முன்னால் நின்றபோது என்ன கேட்பதென்று தெரியவில்லை. இப்படியே இரு என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்து, "என்னப்பா, தோட்டத்துக்குத் திருவிழாவா?" என்று கேட்டார்கள். மகள் பின்னாலேயே போட்டோ எடுத்து வந்தாள். இந்த முறை காலையிலும் எடுத்தாள், வெயில் ஏறியபின்னும் எடுத்தாள், கொஞ்சம் மேகம் மூடியபோதும் எடுத்தாள். இல்லாவிட்டால் மெஷின் அடுத்து வெயிலை வைத்து முடிவு சொல்லிவிடும் என்றாள்.

பழைய புரோகிராமை அழித்துவிடாமல், எதை ஏன் மாற்றினாள் என்று ஒரு வரி குறிப்போடு தனியே சேர்த்து வைத்துவிட்டுப் புதிதாகப் பாடம் நடத்தினாள். கன்னிவாடிப் போட்டோக்களைப் பாடத்தில் சேர்க்கவே இல்லை. இனி மெஷினுக்குக் கடைசிப் பரீட்சை, அது பார்த்தேயிராத அந்தத் தோட்டம்தான்.

"சிறுமலைப் பரீட்சையில மார்க் கொறஞ்சிருச்சுப்பா!" என்று ஒருநாள் கடைக்கே ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மார்க் குறைந்ததற்குச் சந்தோசப்பட்டு ஓடி வந்த பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன். போனில் காட்டினாள். துணி பச்சை மரத்தில் மஞ்சளாகவே இருந்தது. சிவப்பு மேலே ஏறியிருந்தது. இலைக்காம்பில், உச்சிக் கொத்தில். தரையைப் பார்த்தே நடந்த ஒரு பிள்ளை தலை நிமிர்ந்து பார்த்ததுபோல இருந்தது எனக்கு. கடையில் கற்பூரம் வாங்க நின்றவர்களை மறந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி கன்னிவாடி மலைக்குப் போனோம். இந்த முறை ஜீப் பேசவில்லை, பஸ்ஸில் போய் நடந்தோம். 'நல்ல மரம், நல்ல மரம்' என்று வந்த மெஷின், தோட்டத்தின் கிழக்கு மூலையில் ஓடையை ஒட்டி நின்ற ஒரு மரத்தின் முன்னால் பேச்சை மாற்றியது. அடுத்த மரத்திலும். அதற்கடுத்ததிலும். வெளிப்பார்வைக்கு எல்லாம் செழிப்பாகத்தான் நின்றன.

மகள் போனைப் பையில் போட்டுவிட்டாள். "மெஷின் சொன்னா போதாது மாமா. நீங்க பாருங்க."

மச்சான் ஓர் இலைக்காம்பை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நரம்போடு நரம்பாக, மை தொட்டு இழுத்தமாதிரி, கரும்பச்சையில் சின்னச் சின்னக் கோடும் புள்ளியும். அது முடிக்கொத்தின் முதல் அடையாளம். நாங்கள் ஏற்ற இருந்த கன்றுகள் அந்த மூலையிலிருந்துதான் எடுத்து வைத்திருந்தவை. மச்சான் இலையை விட்டுவிட்டு, வரப்பில் அப்படியே உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "முருகா, முருகா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அவர் தோட்டம் தப்பியது.

தோட்டக்காரர் எங்களை ஏமாற்ற நினைத்தவர் அல்ல. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவரும் இன்னோர் இலையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் மெல்ல என் மகளிடம் வந்தார். "ஏனுங்க அம்மிணி, மிச்ச மரத்தையும் பாத்துக் குடுப்பீங்களா? இந்த மூலையை இன்னிக்கே தோண்டிப் போடறனுங்க."

"பாக்கிறேன் ஐயா. எல்லாத்தையும் பாத்துட்டே போறேன்."

மச்சான் எழுந்து, இடுப்பு மடியில் மிச்சமிருந்த மஞ்சள் துணிகளை எடுத்து அவர் கையில் வைத்தார். "வச்சுக்கங்க. பழனியாண்டவரு பாத்துக்குவாரு."

அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓடையோரத்து மரத்தில் கட்டக் குனிந்தார்.

"ஐயா, ஐயா!" என்று ஓடினாள் மகள். "கட்டுங்க, வேணாங்கல. நான் போட்டோ எடுத்து முடிச்சதும் கட்டுங்க."

"கட்டினா எல்லாத்துக்கும் கட்டணும்" என்றார் மச்சான் பின்னாலிருந்து.